ஒரே மாதிரி இருக்கும் இரண்டு க்ரீம்: ஹாலுக்கு எதை அடிப்பது?

பெயிண்ட் கடையில் பச்சையா நீலமா என்று குழம்புகிறவர்கள் குறைவு. அதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் வருவார்கள். ஷேட் கார்டு கைக்கு வந்த பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கும். க்ரீம் என்று முடிவு செய்து வந்தவர் முன்னால் பக்கம் பக்கமாக க்ரீம். கழித்துக் கழித்துப் பார்த்தால் கடைசியில் இரண்டு மிஞ்சும். கடை வெளிச்சத்தில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. பெயிண்டரைக் கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான் சார், அடிச்சிட்டா தெரியாது” என்பார். அவர் சொல்வது பாதி சரி. சில ஜோடிகளில் நிஜமாகவே தெரியாது. சில ஜோடிகளில், நாலு சுவரும் முடிந்து, சாமான்களைத் திரும்ப அடுக்கி, ராத்திரி லைட்டைப் போடும்போதுதான் தெரியும்.

உங்கள் ஜோடி எந்த வகை என்பதை வாளி வாளியாக வாங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் செலவு, இரண்டு மூன்று நாள் பொறுமை, அவ்வளவுதான். பேச வசதியாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஹாலுக்கு வடக்கே பால்கனிக் கதவு, கிழக்கே ஒரு ஜன்னல், அந்த ஜன்னலிலிருந்து நாலடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தரையில் வெளிர் நிற விட்ரிஃபைடு டைல்ஸ், வார்னிஷ் அடித்த தேக்குக் கதவு. மிஞ்சிய இரண்டு நிறங்களில் ஒன்று மஞ்சள் பக்கம் சாயும் க்ரீம்; இன்னொன்று லேசாக ரோஸ் பக்கம் சாய்வது.

கார்டிலேயே தெரிவது

இரண்டு நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது மூன்று விதத்தில்தான். எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வெளிர் அல்லது அடர்த்தி, எவ்வளவு தெளிவு அல்லது சாம்பல் கலந்த மந்தம். உங்கள் ஜோடி இந்த மூன்றில் எதில் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், அப்புறம் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: பல கார்டுகளில் ஒரே நிறத்தின் வெளிர் முதல் அடர்த்தி வரையான சாயல்கள் ஒரே பட்டையில் வரிசையாக இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த க்ரீமை விட்டுவிட்டு, அதே பட்டையில் மிக அடர்த்தியான கட்டத்தைப் பாருங்கள். ஒன்றில் அது கடுகு நிறமாகவும், இன்னொன்றில் செங்கல் நிறமாகவும் இருந்தால் விஷயம் புரிந்துவிட்டது. மேலே வெளிறி ஒளிந்திருக்கும் குணம் கீழே பட்டவர்த்தனமாகத் தெரியும்.

வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பார்ப்பதும் உதவும். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் வெறும் வெள்ளை கிடையாது. பளிச்சென்று தெரிவதற்காக அதில் ஒளிரூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் அது நீலம் கலந்த வெள்ளையாக அடிக்கும். அதன் மேல் வைத்தால் எந்த க்ரீமும் இருப்பதைவிட மஞ்சளாகத்தான் தெரியும். இரண்டையும் அதே தாளில் வைத்து ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம். “ஐயோ, இவ்வளவு மஞ்சளா” என்று பயந்து ஒதுக்க வேண்டாம்.

அடுத்தது எல்ஆர்வி என்ற எண். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. கருப்பு 0, வெள்ளை 100. சில நிறுவனங்கள் கார்டின் பின்புறமோ இணையதளத்திலோ போட்டிருப்பார்கள். 80, 82 என்று இரண்டு நிறங்கள் இருந்தால் வெளிச்ச வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். 80, 65 என்றால் ஹாலே வேறு மாதிரி இருக்கும். நமது உதாரண வீட்டில் கிழக்கு ஜன்னலைப் பக்கத்துச் சுவர் மறைக்கிறது. அப்படிப்பட்ட ஹாலுக்கு 70-க்குக் கீழே போக நான் யோசிப்பேன்.

ஃபோனிலும் கணினியிலும் சுவரில் நிறத்தைப் போட்டுக் காட்டும் வசதி இப்போது பல நிறுவனங்களிடம் இருக்கிறது. பச்சை வேண்டாம், க்ரீம் வேண்டும் என்று முடிவெடுக்க அது போதும். இரண்டு க்ரீமில் எது என்று கேட்டால் அது பதில் சொல்லாது. அதே நிறம் உங்கள் ஃபோனில் ஒரு மாதிரி, மனைவி ஃபோனில் வேறு மாதிரி தெரியும்.

பலகை தயார் செய்வது

இந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. எல்லாப் பலனும் இதில்தான் இருக்கிறது.

கடையில் சாம்பிள் டப்பா கேளுங்கள். 200 மில்லி அளவில் சில நிறுவனங்கள் விற்கின்றன. உங்கள் நிறம் சாம்பிளில் இல்லையென்றால், எந்த எமல்ஷனை அடிக்கப் போகிறீர்களோ அதிலேயே இருக்கும் சின்ன டப்பாவில் கலக்கச் சொல்லி வாங்கலாம். கேட்டால் பெரும்பாலான கடைகளில் டின்டிங் மெஷினில் போட்டுத் தருவார்கள். சாம்பிளின் பளபளப்பும் கடைசியில் வாங்கப்போகும் பெயிண்டின் பளபளப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் ஒரே கோட் நம்பர் (நிறத்தின் குறியீட்டு எண்) கொஞ்சம் வெளிறித் தெரியும்; ஷீன், அதாவது பளபளப்பு, ஏற ஏற நிறம் கனத்துத் தெரியும். ஒன்று மேட், இன்னொன்று ஷீன் என்று வைத்து ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது நிற வித்தியாசத்தை அல்ல, ஃபினிஷ் வித்தியாசத்தை.

பலகைக்குத் தச்சு வேலையில் மிஞ்சிய பிளைவுட், ஹார்டுபோர்டு, தடித்த அட்டை எதுவானாலும் சரி. இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் நல்லது. உள்ளங்கை அளவுக்கு அடித்துப் பார்ப்பது கார்டைப் பார்ப்பதற்குச் சமம். அட்டை ஈரத்தில் வளையும், ஓரத்தில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிறத்துக்கு இரண்டு பலகை வேண்டும், ஆக மொத்தம் நான்கு. ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

முதலில் வெள்ளை ப்ரைமர் ஒரு கோட். காய்ந்ததும் பெயிண்ட் இரண்டு கோட், நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு. பிரஷ் வேண்டாம், சின்ன ரோலர் வாங்குங்கள். சுவரில் ரோலர்தான் ஓடப்போகிறது. அது விடும் நுண்ணிய புள்ளி புள்ளியான மேற்பரப்பும் நிறம் தெரியும் விதத்தைக் கொஞ்சம் மாற்றும். நிறத்தின் பெயரையும் கோட் நம்பரையும் பலகையின் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கம் எழுதினால் வீட்டில் எல்லோரும் நிறத்தை விட்டுவிட்டுப் பெயருக்கு ஓட்டுப் போடுவார்கள்.

ஈரமாக இருக்கும்போது எந்த முடிவுக்கும் வராதீர்கள். எமல்ஷனில் நிறமியைப் பிடித்துவைக்கும் பிசின் ஈரத்தில் பால் மாதிரி வெண்மையாக இருக்கும். காய்ந்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அந்தப் பால் நிறம் போனதும் பெயிண்ட் ஒரு படி அடர்த்தியாகும். ஒரு ராத்திரி கழித்துப் பாருங்கள்.

“இதுக்கெல்லாம் பலகை எதுக்கு, சுவத்துலயே ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்துடலாமே” என்று பெயிண்டர் கேட்பார். புதிதாகப் பட்டி பார்த்து ப்ரைமர் அடித்த வெள்ளைச் சுவர் என்றால் அவர் சொல்வதில் தப்பில்லை. பழைய நிறம் இருக்கும் சுவரில்தான் வம்பு. வெளிர் பச்சைச் சுவருக்கு நடுவே ஒரு திட்டு க்ரீம் அடித்தால், சுற்றியிருக்கும் பச்சை அந்தத் திட்டைச் சிவப்புப் பக்கம் தள்ளிக் காட்டும். மஞ்சள் க்ரீம் அங்கே ரோஸ் மாதிரி தெரியும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த வேதியியலாளர் மிஷெல் செவ்ரலிடம் ஒரு புகார் வந்தது: கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறதாம். அவர் தேடிப் பார்த்ததில் சாயத்தில் குறை இல்லை; பக்கத்தில் சேர்த்து நெய்திருந்த நீல, ஊதா நூல்கள்தான் கருப்பைக் கெடுத்துக் காட்டின. இதை விரிவாக ஆராய்ந்து 1839-இல் அவர் எழுதினார். உங்கள் பழைய பச்சைச் சுவரும் அதே வேலையைத்தான் செய்யும். அதோடு, சுவரில் அடித்த திட்டின் ஓரம் தடித்து நின்று, மேலே புதுப் பெயிண்ட் போட்ட பிறகும் சாய்வான வெளிச்சத்தில் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாக வேண்டும்.

எங்கே வைத்து, எப்போது பார்ப்பது

முதல் நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். பக்கத்தில் வைத்தால் கண் வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். ஒன்று “அழுக்கு”, ஒன்று “பளிச்” என்று மனசு முத்திரை குத்திவிடும். அடித்து முடித்த ஹாலில் ஒரு நிறம்தான் இருக்கப்போகிறது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்று காட்டிக்கொடுக்காது. அதனால் காலையிலிருந்து ராத்திரி வரை ஒன்று, மறுநாள் இன்னொன்று. பலகைக்குப் பின்னால் இருக்கும் பழைய சுவரை ஒரு வெள்ளைத் துணியோ பெரிய சார்ட் பேப்பரோ போட்டு மறைத்துவிடுங்கள்.

வைக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஜன்னல் இருக்கும் சுவர்: வெளிச்சம் உள்ளே வருவதே அதன் பக்கத்திலிருந்துதான், ஆனால் சுவரின் உள்பக்கம் நிழலில் இருக்கும், நிறம் அங்கே ஒரு படி கருத்துத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்: அங்கேதான் நிறம் மிகவும் வெளிறும். மூன்றாவது, மூலை.

மூலைக்காகத்தான் ஒரு நிறத்துக்கு இரண்டு பலகை கேட்டேன். இரண்டையும் மூலையில் ஆளுக்கொரு சுவரில் சாய்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வையுங்கள். ஒரு பலகையில் பட்ட வெளிச்சம் அந்த நிறத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடுத்த பலகையில் விழும். அங்கிருந்து திரும்ப வரும். மூலையை ஒட்டி நிறம் ஊறினாற்போல் அடர்த்தியாகும். நாலு சுவரும் ஒரே நிறத்தில் இருக்கும் ஹாலில் இதுதான் எல்லாப் பக்கமும் நடக்கும். தனிப் பலகையில் “மஞ்சளே தெரியலையே” என்று தோன்றிய க்ரீம் மூலையில் மாம்பழம் போல் மஞ்சளித்தால், ஹாலும் அப்படித்தான் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மற்ற எந்தச் சோதனையையும்விட இதில்தான் தெளிவாகத் தெரியும்.

நேரம் என்றால் காலை, நடுப்பகல், சாயங்காலம், ராத்திரி. வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்தால் “வடக்கு ஜன்னல் என்றால் நாள் முழுக்க ஒரே மாதிரி குளிர்ந்த நீல வெளிச்சம், அதனால் மஞ்சள் சாய்வு எடு” என்று இருக்கும். ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு மேல் வந்து, அதற்கப்புறம் ஆகஸ்ட் நடு வரை வடக்குப் பக்கமாகவே போகிறது. அந்த மாதங்களில் காலையிலும் சாயங்காலமும் வடக்கு பால்கனியில் சாய்வாக வெயில் விழும். டிசம்பரில் அதே பால்கனியில் வானத்து வெளிச்சம் மட்டும்தான்; தெற்கே ஜன்னல் இருக்கும் வீட்டில் வெயில் அதன் வழியாக உள்ளே ஆழமாக வரும். ஆகவே டிசம்பரில் பெயிண்ட் அடிக்கிறவர் வடக்கு ஹாலில் பார்க்கும் நீலம் கலந்த வெளிச்சம் ஜூனில் அங்கே இருக்காது. வெயிலில் சூடு ஏறிய மஞ்சள் பக்கம் போகும். வருஷம் முழுக்கச் சோதிக்க முடியாது, சரி. ஆனால் ஒன்று செய்யலாம்: இப்போதே ஓரளவு மஞ்சளாகத் தெரியும் நிறம் இன்னும் கூடும் என்று மனசில் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்துச் சுவரையும் மறக்க வேண்டாம். நாலடி தள்ளி இருக்கும் அந்தச் சுவர் பச்சை பெயிண்ட் என்றால், நடுப்பகல் தாண்டிய வெயில் அதில் பட்டு உங்கள் கிழக்கு ஜன்னல் வழியாக வருவது பச்சை வெளிச்சம். ரோஸ் சாயும் க்ரீம் அதில் களையிழந்து சாம்பலாகிவிடும். தரையும் அப்படித்தான். ரெட் ஆக்சைடு தரை, வெயில் படும்போது சுவரின் கீழ்ப் பாதியில் சிவப்பு ஏற்றும். ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட வீட்டில் தரையில் எந்த நிறம் அதிகமோ அது சுவரில் ஏறும். அதனால் பலகையைத் தரையை ஒட்டியும் ஒரு தடவை, கண் மட்டத்தில் ஒரு தடவையும் பாருங்கள்.

ராத்திரி வெளிச்சம்

வேலைக்குப் போகிற வீட்டில் ஹாலைப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான். அதனால் ராத்திரிச் சோதனைக்குப் பகலைவிட நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்ட எல்இடி டியூப் நீலம் கலந்த வெள்ளை. 3000 கெல்வின் என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். 4000 நடுவில். மஞ்சள் க்ரீமின் மேல் 3000 விளக்கு போட்டால் மஞ்சள் இரட்டிப்பாகும்; அதே க்ரீம் 6500-இல் சாதுவாக, கிட்டத்தட்ட வெள்ளையாக நிற்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டு உள்ளே மஞ்சள் ஸ்ட்ரிப் லைட் வைக்கத் திட்டம் இருக்கிறதா? அப்படியானால் முதலில் விளக்கை வாங்கிப் போடுங்கள், நிறத்தை அப்புறம் முடிவு செய்யுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் எல்இடியில் பிரிந்து நிற்பதும் உண்டு. இரண்டையும் வேறு வேறு நிறமிகளைக் கலந்து அந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். விளக்கின் ஒளியில் எந்த அலைநீளம் குறைவோ அதைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும். 80 பரவாயில்லை, 90 இருந்தால் நிறங்கள் பகலில் தெரிவதற்குப் பக்கத்தில் வரும்.

பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாள்

இப்போது இரண்டையும் சேர்த்து வைக்கலாம். ஓரங்கள் ஒட்டி, நடுவில் இடைவெளி இல்லாமல். கதவை ஒட்டி, சோபாவை ஒட்டி, திரைச்சீலையை ஒட்டி. என் ரசனையைக் கேட்டால், வெளிர் மஞ்சள் டைல்ஸ் இருக்கும் ஹாலில் ரோஸ் சாயும் க்ரீம் பொருந்தாது. டைல்ஸ் அழுக்கு பிடித்தது போலத் தெரியும். வார்னிஷ் அடித்த தேக்கு ஏற்கெனவே ஆரஞ்சு பக்கம். மஞ்சள் க்ரீம் அதோடு இழைந்துவிடும். கதவு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால் கொஞ்சம் சாம்பல் கலந்த நிறம் நல்லது. சீலிங்குக்கு அடிக்கும் வெள்ளையையும் ஒரு துண்டில் அடித்துப் பக்கத்தில் வையுங்கள். பளீர் வெள்ளைச் சீலிங் எந்த க்ரீமையும் மஞ்சளாக்கிக் காட்டும், ஏ4 தாள் செய்தது போலவே.

எது வெளிர், எது அடர்த்தி என்று சண்டை வந்தால், இரண்டும் ஒரே படத்தில் வரும்படி ஃபோட்டோ எடுத்துக் கருப்பு-வெள்ளைக்கு மாற்றுங்கள். நிறம் போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். படத்தில் எல்லை தெரியவில்லை என்றால் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். ஃபோட்டோவுக்கு இவ்வளவுதான் வேலை. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “எது நல்லா இருக்கு” என்று கேட்கப் போனால் பெரியப்பா ஒன்று, சித்தி ஒன்று சொல்வார்கள். கேமராவோ தன் இஷ்டத்துக்கு வெள்ளையைச் சரிசெய்து அனுப்பியிருக்கும்.

கடைசிச் சோதனை. வீட்டில் ஒருவர் பலகைகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாக, வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே வைக்கட்டும். நடுவில் ஒரு நிமிடம் வேறு அறைக்குப் போய்விட்டு வாருங்கள். எது எது என்று உங்களால் சரியாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால், பிடித்ததை எடுங்கள், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். முடியவில்லையென்றால் பெயிண்டர் சொன்னதுதான் உண்மை, உங்கள் ஜோடி அடித்தால் தெரியாத ஜோடி. அப்போது நிறத்தை விட்டுவிட்டு வேறு காரணத்துக்குப் போகலாம்: எது துடைத்தால் சுத்தமாகும் பெயிண்டில் கிடைக்கிறது, எது பக்கத்துக் கடையில் எப்போதும் கலக்க முடியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் சாம்பல் பக்கம் சாய்வதை எடுப்பேன், சுவிட்ச் பலகையைச் சுற்றி விரல் கறை கொஞ்சம் தாமதமாகத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று தோன்றினால், நிறமியின் அளவை மாற்றிக் கலக்கச் சொல்லும் ஆசை வரும். மெஷினில் அப்படிப் போடலாம்தான். ஆனால் அந்த நிறம் எந்தக் கார்டிலும் இருக்காது. இரண்டு வருஷம் கழித்து டச்சப் செய்யும்போது அதே கலவை கிடைக்கும் என்று நம்ப முடியாது. கார்டில் இருப்பதற்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கோட் நம்பர், எந்த எமல்ஷன், எந்த ஃபினிஷ், மூன்றையும் சொல்லுங்கள். கலந்த பெயிண்டை எந்தக் கடையும் திரும்ப வாங்காது, அதனால் கணக்கைப் பெயிண்டரோடு முன்கூட்டியே போட்டு முழு அளவையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். ஒரே கோட் நம்பர் என்றாலும் வேறு நாளில், வேறு பேஸ் (நிறம் சேர்க்காத மூலப் பெயிண்ட்) டப்பாவில் கலந்தால் மயிரிழை வித்தியாசம் வரலாம். எல்லா டப்பாவையும் ஒரு பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்க ஆரம்பிப்பது நல்லது. நடுவில் தீர்ந்து புதிதாக வாங்க நேர்ந்தால், புது டப்பாவைச் சுவரின் நடுவில் தொடங்காமல் மூலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இரண்டு சுவருக்கும் வெளிச்சம் ஏற்கெனவே வேறு என்பதால் அந்த வித்தியாசம் மூலையில் கண்ணில் படாது.

வேலை முடிந்ததும் மிச்சப் பெயிண்டை இறுக்கமாக மூடும் சின்ன டப்பாவில் ஊற்றி வையுங்கள். கலந்தபோது மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் கோட் நம்பரும் கலவை அளவும் இருக்கும். அதை ஃபோட்டோ எடுத்து, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் ஃபைலில் ஒரு பிரிண்டும் போட்டுவிடுங்கள். ஸ்டிக்கரின் மை இரண்டு மழைக்காலம் தாங்காது.